டிரம்பெட்டில் அடுத்து யாரைக் கேட்பது: பிரவுன், மார்கன், ஹப்பர்ட், ஷா

நவீன ஜாஸுக்குள் பெரும்பாலோர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வழியாகத்தான் நுழைகிறார்கள். 1959இல் வந்த அந்த இசைத்தட்டு மனதில் பதிந்த பிறகு ஒரு கேள்வி எழும்: டிரம்பெட்டில் அடுத்து யாரைக் கேட்பது? தேடினால் ‘கேட்டே ஆக வேண்டிய நூறு இசைத்தட்டுகள்’ என்பது போன்ற பட்டியல்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றை நம்பி இறங்க வேண்டாம். ஒரு பாடகரின் குரல் பழகவே சில வாரங்கள் ஆகும். நூறு பேரை ஆளுக்கு ஒரு தட்டு வீதம் கேட்டால் ஒருவர்கூடக் காதில் தங்க மாட்டார். ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு, தொடக்ககாலப் பதிவுகளிலிருந்து கடைசிப் பதிவு வரை காலவரிசையில் கேளுங்கள். ஒருவருடைய மூச்சு பழகிவிட்டால் மற்றவர்கள் எங்கே வேறுபடுகிறார்கள் என்பது தானாகவே பிடிபடும்.

அந்த ஒருவர் யார்? மைல்ஸையே தொடரலாமே என்று தோன்றும். 1940களின் நடுவில் தொடங்கி 1991இல் இறக்கும் வரை அவர் தன் இசையைப் பலமுறை அடியோடு மாற்றிக்கொண்டவர். அவரை வரிசையாகக் கேட்பது ஐந்தாறு கலைஞர்களைக் கேட்பதற்குச் சமம். புதிதாக வருகிறவருக்கு அது மலைப்பாகிவிடும். அதனால் ஒரே மரபில் அடுத்தடுத்து வந்த நால்வரை எடுத்துக்கொள்கிறேன்: கிளிஃபர்ட் பிரவுன், லீ மார்கன், ஃப்ரெடி ஹப்பர்ட், உடி ஷா. கென்னி டோர்ஹமையும் புக்கர் லிட்டிலையும் விட்டுவிட மனம் வரவில்லை, ஆனாலும் அவர்கள் இரண்டாம் சுற்றுக்கு உரியவர்கள்.

நால்வரில் யார் பெரியவர் என்று கேட்டால் விடை கிடைக்காது, சண்டைதான் மிஞ்சும். யாருடைய பதிவுகள் எத்தனை ஆண்டுகளில் பரந்திருக்கின்றன, அவருடைய சிறந்த வாசிப்பு தன் பெயரிலுள்ள தட்டுகளில் இருக்கிறதா பிறருடைய தட்டுகளில் இருக்கிறதா, கேட்டு முடித்ததும் மெட்டு வாயில் நிற்கிறதா என்பவையே பயனுள்ள கேள்விகள்.

பிரவுனிலிருந்து தொடங்குவோம், மற்ற மூவரும் அவர் வழி வந்தவர்கள்தாம். 1930 அக்டோபர் 30 அன்று டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் பிறந்தார். 1950இல் ஒரு கார் விபத்தில் சிக்கி மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். மீண்டு வந்து 1952இல் முதன்முதலாகப் பதிவு செய்தார். 1953இல் லயனல் ஹாம்ப்டன் குழுவோடு ஐரோப்பா போனபோது, தன் குழுவினர் தனியாகப் பதிவு செய்யக் கூடாது என்று ஹாம்ப்டன் தடைபோட்டிருந்தார். தடையை மீறிப் பாரிஸில் இரவோடு இரவாகச் செய்த பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. 1954 பிப்ரவரியில் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் இசை விடுதியில் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியோடு வாசித்தார். அதே ஆண்டு டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து சொந்தக் குழு அமைத்தார். 1956 ஜூன் 26 அன்று பென்சில்வேனியா நெடுஞ்சாலையில், மழை இரவில், அவர் போன கார் விபத்துக்குள்ளானது. குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் காரை ஓட்டிய பவலின் மனைவியும் அவரோடு இறந்தார்கள். பிரவுனுக்கு வயது 25.

ஆக, நான்கு ஆண்டுப் பதிவுகள்தாம் மொத்தமும். ஒரு மாதத்தில் கேட்டு முடித்துவிடலாம் என்பது பிரவுன் பக்கத்து வலுவான வாதம். முதலில் 1955 ஜனவரியில் தந்திக் கருவிகளோடு செய்த பதிவைக் கேளுங்கள். அதில் மனோதர்மத்துக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். ‘ஸ்டார்டஸ்ட்’, ‘லாரா’ போன்ற பழைய பாடல்களின் மெட்டைப் பெரிதாக மாற்றாமல் அப்படியே ஊதுகிறார். ஆனால் அந்த நாதம்! கனமும் உருட்சியுமாக, ஒரு சுரம் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒரே அளவில் நிறைந்து நிற்கும். அடுத்து, அதற்குச் சில வாரங்கள் கழித்துப் பதிவான ‘செரோக்கி’யைக் கேளுங்கள். மற்றவர்கள் மூச்சிரைக்கும் வேகத்தில் அவர் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தொட்டுவிட்டுப் போகிறார். ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, எதுவும் விழுங்கப்படுவதில்லை. தந்திக் கருவிகளோடு கேட்ட அதே முழு நாதம் இந்த வேகத்திலும் குறையவில்லை என்பதுதான் அதிசயம்.

அவருடைய வாழ்க்கையும் அந்தக் காலத்துக்கு அரிதானது. சக கலைஞர்களில் எத்தனையோ பேர் ஹெராயினில் சிக்கிக் கிடந்த நாளில் அவர் போதைப்பொருள் பக்கமே போகாதவர். நல்ல ஜாஸ் வாசிக்க ஒழுக்கமான வாழ்க்கை தடையல்ல என்பதைப் பிரவுனிடம்தான் கண்டேன் என்ற பொருளில் சாக்ஸபோன் கலைஞர் சானி ரோலின்ஸ் பின்னாளில் பேசியிருக்கிறார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்து பிரவுன்–ரோச் குழுவில் சேர்ந்தவர் ரோலின்ஸ் என்பதால் அந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

இத்தனைக்குப் பிறகும், முதல் தேர்வாக நான் பிரவுனைச் சொல்ல மாட்டேன். இரண்டு காரணங்கள். தொடக்கத்திலேயே முழுமையடைந்துவிட்டவர் அவர். 1953இல் கேட்பதற்கும் 1956இல் கேட்பதற்கும் வளர்ச்சி இருந்தாலும் பழகாத காதுக்கு அது தெரியாது. ஒருவரைத் தொடர்வதன் இன்பமே அவர் மாறுவதைக் கேட்பதில் இருக்கிறது. இன்னொரு காரணம் நம் பக்கத்து நிலைமை. பிரவுன் வாசித்தவற்றில் பாதிக்கு மேல் 1930களின், 40களின் அமெரிக்க மேடைப் பாடல்கள், திரைப்பாடல்கள். அந்நாட்டு ரசிகருக்கு மூலப்பாடல் மனப்பாடம். கலைஞர் எங்கே விலகுகிறார், எங்கே திரும்புகிறார் என்பது உடனே தெரிந்துவிடும். மூலம் தெரியாத நமக்கு விலகலின் சுவை பாதிதான் கிடைக்கும். பல்லவி தெரியாமல் நிரவல் கேட்கிற நிலை அது. ‘ஜாய் ஸ்பிரிங்’, ‘டாஹூட்’ போன்ற அவருடைய சொந்த உருப்படிகள் விதிவிலக்கு. அவை சில மட்டுமே.

1960களின் ப்ளூ நோட் பதிவுகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் வுல்ஃபும் நடத்திய அந்நிறுவனம் கலைஞர்கள் சொந்தமாக இயற்றியவற்றை விரும்பிப் பதிவு செய்தது. பதிவுக்கு முன் ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்தது. அதனால் மெட்டைத் தட்டின் தொடக்கத்திலேயே நம் கையில் கொடுத்துவிடுவார்கள், பிறகுதான் கற்பனை. நியூயார்க்கில் பிறந்தவருக்கும் நெல்லையில் பிறந்தவருக்கும் தொடக்கக்கோடு ஒன்றே. மார்கனும் ஹப்பர்டும் அங்கே விளைந்தவர்கள்.

இருவரும் 1938இல் பிறந்தவர்கள்: ஹப்பர்ட் ஏப்ரலில் இண்டியானாபொலிஸில், மார்கன் ஜூலையில் பிலடெல்பியாவில். பிளேக்கியின் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழுவிலிருந்து 1961இல் மார்கன் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் ஹப்பர்ட். 1964இல் ஹப்பர்ட் விலகியதும் மார்கன் திரும்பி வந்தார்.

ஹப்பர்டின் பக்கம் பேச நிறையவே உண்டு. 22 வயதில், 1960 ஜூனில், ‘ஓப்பன் செசமி’ என்ற முதல் தட்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’. 1961இல் ஆலிவர் நெல்சனின் ‘ஸ்டோலன் மொமெண்ட்ஸ்’, ஜான் கோல்ட்ரேனின் ‘ஒலே’. 1964இல் எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’, ஹெர்பி ஹான்காக்கின் ‘எம்பிரியன் ஐல்ஸ்’, வெய்ன் ஷார்ட்டரின் ‘ஸ்பீக் நோ ஈவில்’. 1965இல் ஹான்காக்கின் ‘மெய்டன் வாயேஜ்’, கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’. ஒரு மனிதர் இத்தனை இடங்களிலும் நின்றிருக்கிறார் என்பதையே நம்ப முடியவில்லை. கட்டுக்கோப்பான இசை, கட்டவிழ்ந்த இசை என்று அந்தப் பத்தாண்டின் இரு கரைகளிலும் அவருடைய டிரம்பெட் கேட்கிறது. ‘மெய்டன் வாயேஜ்’ தலைப்பு உருப்படியில் அவருடைய வாசிப்பை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள்: மெதுவாக, இடைவெளி விட்டுத் தொடங்கி, மேலே போகப் போகச் சுரங்களை உதறித் தெறிக்கவிடுவார், பின்னணியின் அமைதி மட்டும் கலையாது.

ஆகவே ஒரு கலைஞரைக் காட்டிலும் ஒரு காலத்தையே அறிய விரும்புகிறவருக்கு ஹப்பர்டைவிட நல்ல வழிகாட்டி இல்லை. அவர் பெயர் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து எடுத்தாலே போதும், 1960களின் முக்கியமான தட்டுகளில் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிடும். தன் பெயரில் செய்தவற்றிலும் ‘ரெடி ஃபார் ஃப்ரெடி’, ‘ஹப்-டோன்ஸ்’, 1970இல் வந்த ‘ரெட் கிளே’ மூன்றும் குறையில்லாதவை. ‘ஃபர்ஸ்ட் லைட்’ அவருக்கு கிராமி விருதும் வாங்கிக் கொடுத்தது. ஆனால் காலவரிசையில் கேட்பவருக்கு அதற்குப் பின் கடினமான பாதை. 1970களின் நடுவில் விற்பனையை மனதில் வைத்துச் செய்த தட்டுகளில் அவருடைய திறமைக்கு வேலையே இல்லை. 1976இல் தொடங்கிய வி.எஸ்.ஓ.பி. குழுவில் மீண்டும் எரிந்தார். 1992இல் உதட்டில் ஏற்பட்ட காயம் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. டிரம்பெட்டில் ஒலி பிறப்பதே உதட்டின் அதிர்வில்தான். உதடு போனால் வேறு வழியில்லை. 2008இல் இறக்கும் வரை பழைய ஹப்பர்ட் திரும்பவில்லை. முதல் முறையாக ஒருவரை முழுக்கத் தொடர்கிறவரை இந்தச் சரிவு வழியாக அழைத்துப் போக எனக்கு விருப்பமில்லை.

உடி ஷாவை நான்காவதாகத்தான் வைப்பேன். அவர் குறைந்தவர் என்பதற்காக அல்ல; மற்ற மூவரையும் கேட்டவருக்கே அவர் செய்த மாற்றம் விளங்கும். 1944இல் பிறந்து நியூ ஜெர்சியின் நுவார்க்கில் வளர்ந்தவர். பதினெட்டு வயதிலேயே டால்ஃபியோடு பதிவு செய்தார். 1965 நவம்பரில் லேரி யங்கின் ‘யூனிட்டி’ தட்டில் மூன்று உருப்படிகள் இவர் இயற்றியவை. வயது இன்னும் 21 ஆகவில்லை. அடுத்தடுத்த சுரங்களில் நடக்காமல் ச–ம என்ற அளவில் தாவித் தாவிச் செல்வதும், ஐந்து சுர வரிசைகளை அடுக்குவதும் அவர் வழி. அந்த ஐந்து சுரங்கள் பல இடங்களில் ச ரி க ப த, அதாவது நம் மோகனத்தின் சுரங்களேதாம். கமகம் இல்லை, அதைவிட முக்கியமாக, ஒரு துணுக்கை ஒரு சுருதியில் ஊதிவிட்டு அடுத்த துணுக்கை எதிர்பாராத வேறொரு சுருதிக்கு நகர்த்திவிடுவார். மோகனம் பழகிய காதுக்கு ஒவ்வொரு துணுக்கும் தெரிந்ததாகவும், அவை சேர்ந்து அமைக்கும் கோடு முற்றிலும் புதியதாகவும் கேட்கும். 1978இன் ‘ரோஸ்வுட்’ நல்ல தொடக்கம். கண்பார்வை குறைந்துகொண்டே போன அவர் 1989 பிப்ரவரியில் புரூக்ளின் சுரங்க ரயில் நிலையத்தில் விபத்தில் சிக்கி ஒரு கையை இழந்தார். மே மாதம் இறந்தார். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது ஒரு காற்றுக் கருவி வாசிக்கிறவர் என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றி ஷாவை முன்னால் கொண்டு வரலாம். விரலும் மூச்சும் அறிந்தவருக்கு அவர் தாவும் தூரத்தின் கடினம் உடனே தெரியும்.

இனி மார்கன். என் தேர்வு அவரே.

பதினெட்டு வயதில், 1956இல், டிஸ்ஸி கில்லஸ்பியின் பெரிய குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டிலேயே தன் பெயரில் ப்ளூ நோட் தட்டும் பதிவு செய்தார். பிரவுன் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் நினைவாகப் பென்னி கோல்சன் இயற்றிய ‘ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்’டை 1957 மார்ச்சில் மார்கன் பதிவு செய்தார். பதினெட்டு வயதுப் பையன் அது. பிரவுனைப் போலவே ஊத வேண்டும் என்ற ஆசையும் அப்படி ஊதிவிடக் கூடாது என்ற தவிப்பும் அதில் சேர்ந்தே கேட்கின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’. அடுத்த ஆண்டு பிளேக்கி குழுவோடு ‘மோனின்’. இந்தப் பதிவு நடந்த நாள் 1958 அக்டோபர் 30. பிரவுன் இருந்திருந்தால் அன்று 28 வயது. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு அது நினைவுக்கு வந்துவிடுகிறது.

‘மோனின்’ தொடக்கத்தில் பியானோ ஒரு வரி சொல்லும், குழு மொத்தமும் இரண்டு சுரத்தில் பதில் சொல்லும். தேவாலயப் பாட்டின் முறை அது. அந்த மெட்டு முடிந்ததும் முதலில் எழுவது மார்கன். ஒரு சின்னஞ்சிறு சொற்றொடர்; உடனே அதையே கொஞ்சம் மாற்றி மறுபடியும். மேலே போய்விட அவசரமில்லை. சொன்னது கேட்பவர் காதில் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். வால்வைப் பாதி மட்டும் அழுத்திச் சுரத்தை வளைத்து, நெருக்கி, குழைத்து விடுகிற அவருடைய பழக்கமும் இங்கே தெளிவாகக் கேட்கும். நாகஸ்வரத்தின் குழைவுக்குப் பழகிய காது டிரம்பெட்டை ‘விறைப்பான கருவி’ என்று ஒதுக்கிவைத்திருந்தால் அந்த எண்ணம் இந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

பிறகு வீழ்ச்சி. ஹெராயின் அவரை 1961இல் மேடையை விட்டு இறக்கிப் பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பதிவுகள் மிகக் குறைவு. திரும்பி வந்து 1963 டிசம்பர் 21 அன்று ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் ‘தி சைட்விண்டர்’ பதிவு செய்தார். பாப் கிரான்ஷாவின் பேஸ், பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ், பாரி ஹாரிஸின் பியானோ, ஜோ ஹெண்டர்சனின் டெனர் சாக்ஸபோன். வழக்கமாகப் பன்னிரண்டு ஆவர்த்தனத்தில் முடியும் ப்ளூஸ் வடிவத்தை இருபத்து நான்காக நீட்டிய அமைப்பு; கால் தானாகத் தாளம் போடும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு ஜாஸ் உருப்படி பரவலாக விற்றது. தட்டு அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தட்டுப் பட்டியலில் 25ஆம் இடம் வரை ஏறியது.

இங்கேதான் மார்கனைக் காலவரிசையில் கேட்பதன் பலன் கிடைக்கிறது. ‘சைட்விண்டர்’ பதிவான எட்டே வாரத்தில், 1964 பிப்ரவரியில், ‘சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்’ பதிவாகிவிட்டது, வெளிவந்தது 1966இல்தான். வெளியீட்டு வரிசையில் கேட்டால் வெற்றிப் பாட்டைத் திரும்பத் திரும்பச் செய்த கலைஞராக அவர் தெரிவார். பதிவான தேதி வரிசையில் கேட்டால், புகழ் வருவதற்கு முன்பே வேறெங்கோ போய்க்கொண்டிருந்த மனிதர் தெரிவார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீளும் அதன் தலைப்பு உருப்படியில், தாளக்கட்டு இல்லாமல் மிதந்து வரும் மெட்டு ஒவ்வொருவருடைய தனி வாசிப்புக்கும் இடையே திரும்பத் திரும்ப வருகிறது. ஆலாபனை பழகிய காதுக்கு அந்த இடம் அந்நியமாகவே இருக்காது. ஷார்ட்டர், ஹான்காக், கிதாரில் கிராண்ட் கிரீன் என்று மூவரும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள். நால்வரின் மொத்தப் பதிவுகளிலும் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. ‘சைட்விண்டர்’ வெற்றிக்குப் பிறகு வந்த பல தட்டுகளின் முதல் உருப்படி அதே அச்சில் வார்த்தது; விற்பனைக்காகச் செய்தது என்பது தெரிகிறது. அவற்றை வேகமாகக் கடந்து, உள்ளே இருப்பதைக் கேளுங்கள். ‘கார்ன்பிரெட்’ தட்டில் அப்படிக் காத்திருப்பது ‘சியோரா’. பிரேசிலின் போசா நோவா நடையில் அத்தனை மென்மையான மெட்டு. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தவையும் உண்டு: 1967இல் பதிவான ‘தி புரோகிராஸ்டினேட்டர்’ 1978இல்தான் வெளிவந்தது.

1970 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா கடற்கரையிலுள்ள லைட்ஹவுஸ் விடுதியில் தன் குழுவோடு வாசித்தார். பென்னி மாபின், ஹெரால்ட் மேபர்ன், ஜிமி மெரிட், மிக்கி ரோக்கர் உடனிருந்தார்கள். உருப்படிகள் நீண்டன, மெட்டுகள் இருண்டன. அதே ஆண்டு, தொலைக்காட்சி கறுப்பின இசையைப் புறக்கணிப்பதை எதிர்த்து, படப்பிடிப்பு அரங்குகளுக்குள்ளேயே புகுந்து குரல் கொடுத்த கலைஞர்களோடும் அவர் நின்றார். 1972 பிப்ரவரி 19 அதிகாலை நியூயார்க்கின் ஸ்லக்ஸ் விடுதியில், அவரைப் போதையிலிருந்து மீட்டு நிறுத்தியவரும் மனைவிபோல் உடன் வாழ்ந்தவருமான ஹெலன் சுட்டதில் இறந்தார். பனிப்புயலால் ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. வயது 33. கடைசிப் பதிவுகளில் சரிவின் சுவடே இல்லை. அதனால்தான் அந்த இழப்பு இன்னும் கனக்கிறது.

ஆக, பதினைந்து ஆண்டுகள். நடுவில் ஒரு முறிவு. முறிவுக்கு முன்னும் பின்னும் தெளிவாக வேறுபடும் இரண்டு மார்கன்கள். மூன்றாவதாக லைட்ஹவுஸ் மார்கன். சிறந்தவை பெரும்பாலும் அவர் பெயரிலேயே கிடைக்கின்றன, மெட்டுகளும் பெரும்பாலும் அவருடையவை. தொடக்கக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இந்த நால்வரில் எனக்குத் தெரியவில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: ‘ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்’, ‘ப்ளூ டிரெய்ன்’, ‘மோனின்’, ‘தி சைட்விண்டர்’, ‘சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்’. இந்த ஐந்திலும் மார்கனின் ஒலி நன்றாகப் பழகிய பிறகே ‘தி நைட் ஆஃப் தி குக்கர்ஸ்’ பக்கம் போங்கள். 1965 ஏப்ரலில் புரூக்ளினில் ஒரு விடுதியில் ஹப்பர்டும் மார்கனும் ஒரே மேடையில் நின்ற இரவுகளின் பதிவு அது; ஒவ்வொரு உருப்படியும் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். பார்க்காமலே யார் ஊதுகிறார் என்று சொல்லிப் பாருங்கள். அழுத்திப் பேசி, நிறுத்தி, சுரத்தை வளைத்துக் கேலியும் கெஞ்சலுமாகப் போகிறவர் மார்கன். நீண்ட கோடுகளை வழுக்கலில்லாமல் இழுத்து உச்சிக்கு ஏறுகிறவர் ஹப்பர்ட். கேட்டு முடிக்கும்போது மனம் ஹப்பர்ட் பக்கம் போய்விட்டால் தயங்காமல் அங்கிருந்தே ‘மெய்டன் வாயேஜ்’க்கு மாறிக்கொள்ளுங்கள். மார்கன் பக்கமே நின்றால் ‘கார்ன்பிரெட்’, பிறகு லைட்ஹவுஸ். பிரவுனுக்கு அதன் பிறகு திரும்புங்கள், தந்திக் கருவிகளோடு வாசித்த அந்தத் தட்டிலிருந்து.